காலாங்கில் ஓர் இரட்டையர் வாரம்

அக்டோபர் 22, 2014, புதன்

தீபாவளிக்கு முந்தின இரவு திருச்சியில் விமானம் ஏறி, தீபாவளி அன்று விடியற்காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். பெரியம்மா மகள் அக்காவும் அத்தானும் அங் மோ கியோவில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறார்கள். வாசலில் ரங்கோலி, கதவில் மாவிலைத் தோரணம், கூடத்தில் நல்லெண்ணெய்க் கிண்ணம் எல்லாம் எனக்காகக் காத்திருந்தன. குளித்துப் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்ததும் இட்லியும் கறிக்குழம்பும். வெடிச் சத்தம் ஒன்றுதான் இல்லை. 1972 முதல் இங்கே வெடிக்குத் தடை. பிள்ளைகள் சாயங்காலம் கீழே இறங்கிக் கம்பி மத்தாப்பு கொளுத்தினார்கள். அந்தச் சின்ன வெளிச்சத்துக்கே அவ்வளவு கூச்சல்!

பத்து மணிக்கு மேல் அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம், எதிர்வீட்டுச் சீனத் தம்பதி, அத்தானோடு வேலை பார்ப்பவர்கள். முறுக்குத் தட்டு காலியாகக் காலியாக அக்கா நிரப்பிக்கொண்டே இருந்தாள். நான் டென்னிஸ் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கிறேன் என்று அத்தான் சொன்னதும், எதிர்வீட்டு அங்கிள் "செரீனாவைப் பார்க்கவா?" என்று கேட்டார்.

"இரட்டையர் ஆட்டம் பார்க்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். இரட்டையருக்காக ஒருவர் கடல் கடந்து வருவார் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். அப்புறம் அவரே ஆர்வமாக விசாரிக்க ஆரம்பித்தார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதிவிடுகிறேன்.

டபிள்யூடிஏ ஃபைனல்ஸ் என்பது மகளிர் டென்னிஸில் ஆண்டுக் கடைசிப் பெரிய போட்டி. ஆண்டு முழுக்க ஆடி அதிகப் புள்ளி சேர்த்தவர்களுக்கு மட்டுமே இடம். மூன்று ஆண்டுகள் இஸ்தான்புலில் நடந்தது, இந்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்திருக்கிறது. ஒற்றையரில் எட்டுப் பேர். இரட்டையரில் சென்ற ஆண்டு வரை நான்கு ஜோடிகளுக்குத்தான் இடம் இருந்தது, இந்த முறை எட்டாக்கியிருக்கிறார்கள். ஒற்றையரில் குழுச் சுற்று உண்டு, ஒரு ஆட்டம் தோற்றாலும் மீண்டு வர வழி இருக்கிறது. இரட்டையரில் இந்த ஆண்டு அது கிடையாது. ஒரு தோல்வி, அவ்வளவுதான், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வந்திருக்கும் ஜோடிகளைப் பாருங்கள். இத்தாலியின் சாரா எர்ரானி, ராபர்ட்டா வின்சி: இந்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பனும் விம்பிள்டனும் வென்றவர்கள். தைவானின் ஷே சு-வெய், சீனாவின் பெங் ஷுவாய்: சென்ற ஆண்டு விம்பிள்டனும் இதே ஃபைனல்ஸ் பட்டமும், இந்த ஆண்டு பிரெஞ்சு ஓப்பனும். ரஷ்யாவின் மக்காரோவா, வெஸ்னினா: சென்ற மாதம்தான் அமெரிக்க ஓப்பன் வாங்கினார்கள். இவர்களுக்கு நடுவே ஜிம்பாப்வேயின் கேரா பிளாக்கும் நம் சானியா மிர்சாவும். சானியாவுக்கு இந்தப் போட்டியில் இது முதல் முறை. இத்தனை பேரையும் ஒரே வாரத்தில் ஒரே கூரைக்குக் கீழ் பார்க்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

திருச்சியில் நாங்கள் நாலு பெண்கள் வாரம் தவறாமல் சேர்ந்து இரட்டையர் ஆடுகிறோம். நாலு பேருக்குமே நாற்பது தாண்டிவிட்டது. ஒற்றையர் ஆட உடம்பு ஒத்துழைக்காத வயதிலும் இந்த ஆட்டம் எங்களைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கடன் எனக்கு உண்டு. அதனால்தான் வந்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

காலையில் அக்காவோடு தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலை முழுக்க அலங்கார வளைவுகள் அப்படியே நிற்கின்றன. பண்டிகை முடிந்த மறுநாள் ஆனதால் கூட்டம் குறைவு, நிதானமாக நடக்க முடிந்தது. வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு அர்ச்சனை, கோமள விலாஸில் ஒரு தோசை. 1947-லிருந்து நடக்கும் கடை. சாம்பாரில் நம் ஊர்ப் பக்குவம் மாறவில்லை என்பது என் தீர்ப்பு.

அங்கிருந்து தனியாகக் காலாங்குக்குப் போனேன். லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி அடுத்த நிலையமான தோபி காட்டில் வட்டப் பாதைக்கு மாறினால் ஸ்டேடியம் நிலையம். வெளியே வந்ததும் புது தேசிய விளையாட்டரங்கின் பெரிய வெள்ளைக் கூரை. இந்த ஆண்டு ஜூனில்தான் திறந்தார்கள். அதன் பக்கத்தில், கூம்பு போல் எழும்பும் கூரையோடு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது போட்டி நடக்கும் சிங்கப்பூர் உள்ளரங்கம். ஜப்பானியக் கட்டடக்கலைஞர் கென்சோ தாங்கே வடிவமைத்து 1989-ல் கட்டி முடித்தது. பக்கத்துப் பிரமாண்டத்துக்கு முன்னால் சிறியதாகத் தெரிந்தாலும் எனக்கு இந்தக் கட்டடம்தான் பிடித்தது.

இந்தப் பகுதியில் 1937-ல் திறந்த காலாங் விமான நிலையம் இருந்தது. அந்தப் பழைய முனையக் கட்டடம் இன்னும் அருகிலேயே நிற்கிறது. அதற்கப்புறம் 1973-ல் பழைய தேசிய விளையாட்டரங்கம் வந்தது. கால்பந்து நடக்கும் நாட்களில் கூட்டம் எழுப்பிய சத்தத்துக்கு 'காலாங் முழக்கம்' என்றே பெயர். அத்தான் சின்ன வயதில் அந்தக் கூட்டத்தில் நின்று கத்தியவர். அந்த அரங்கத்தை இடித்தபோது மனசு கஷ்டப்பட்டது என்று நேற்று இரவு சொன்னார்.

மூன்று மணிக்கு மேல் இடியோடு மழை பிடித்துக்கொண்டது. அக்டோபர் சிங்கப்பூருக்கு இது வழக்கம். வெளிமைதானத்தில் போட்டியை வைத்திருந்தால் பாதி நேரம் தார்ப்பாய் இழுப்பதிலேயே போயிருக்கும்.

அக்டோபர் 24, வெள்ளி

இன்று பார்க்கப் போகவில்லை, ஆடப் போனேன்.

அக்காவின் தோழி ஒருத்தி பீஷானில் ஒரு கொண்டோமினியத்தில் இருக்கிறாள். தஞ்சாவூர்ப் பெண். அந்த வளாகத்திலேயே டென்னிஸ் கோர்ட் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை அங்கே நாலைந்து பெண்கள் கூடி ஆடுவார்களாம். நான் வந்திருப்பது தெரிந்து மட்டையைக்கூட எடுத்து வைத்துவிட்டார்கள். மழை ஓய்ந்து தரை காய்ந்ததும் விளக்கைப் போட்டு ஆரம்பித்தோம்.

அங்கே ஒரு சீன ஆன்ட்டி ஆடினார். அறுபதைத் தாண்டியவர். முழங்காலில் பட்டி. அவர் ஓடியதை நான் பார்க்கவே இல்லை. ஆனால் பந்து எங்கே வருமோ அங்கே முன்கூட்டியே நிற்கிறார். நானும் தஞ்சாவூர்க்காரியும் ஒரு பக்கம், அவரும் இன்னொரு பெண்ணும் மறுபக்கம். நான் நல்ல பந்து என்று நினைத்து அடித்ததெல்லாம் நேராக அவர் மட்டைக்கே போனது.

ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது, எப்படி என்று கேட்டேன். தான் பந்தைப் பார்ப்பது குறைவு என்றார். எதிரில் பந்து அடிக்கத் தயாராகிறவரின் தோளையும், தன் பார்ட்னர் நிற்கும் இடத்தையும் பார்ப்பாராம். பார்ட்னர் ஒரு அடி நகர்ந்தால் இவரும் ஒரு அடி நகர்வார். இருவருக்கும் நடுவில் கதவு திறக்கக் கூடாது, அதுதான் முழு வேலையும் என்றார். நாளைக்கு உள்ளரங்கம் போகிறேன் என்று சொன்னதும், "பந்து இல்லாத இரண்டு பேரைப் பார்" என்றார்.

இது தொலைக்காட்சியில் முடியாத காரியம். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். இரட்டையர் ஆட்டம் நம் வீடுகளில் பிடிபடாமல் போனதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். ஒற்றையரில் பந்தைப் பார்த்தாலே கதை புரிந்துவிடும். இரட்டையரில் பந்து ஒரு நேரம் ஒருவரிடம்தான் இருக்கிறது. மற்ற மூன்று பேரும் அந்த நொடியில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஆட்டமே நடக்கிறது.

கோர்ட்டும் வேறு. ஒற்றையருக்கு அகலம் 8.23 மீட்டர். இரட்டையருக்கு இரு பக்கமும் ஓரப் பட்டை சேர்ந்து 10.97 மீட்டர். அந்தக் கூடுதல் இடம் பெரிதாகத் தெரியாது. ஆனால் வலைக்குப் பக்கத்தில் நிற்பவர் நடுவே வரும் பந்தைப் பிடிக்கக் குறுக்கே பாய்ந்தால், அவர் விட்டு வந்த ஓரப் பட்டை திறந்து கிடக்கும். எதிராளி அதில் அடித்தால் பாயிண்ட் போச்சு. பாய்வதா, நிற்பதா என்று ஒவ்வொரு பந்துக்கும் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு பார்ட்னருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இரவு அக்கா மகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள், பள்ளி அணியில் இரட்டையர் ஆடுகிறாள். "சித்தி, எங்க கோச்சும் இதேதான் சொல்வாரு, எனக்குத்தான் பந்து மேலயே கண்ணு போகுது" என்றாள். நாளைக்கு அவளும் என்னோடு வருகிறாள்.

அக்டோபர் 25, சனி

அரையிறுதி நாள். பீஷானில் வட்டப் பாதைக்கு மாறியதுமே ரயிலில் மூவர்ணக் கொடியோடு ஒரு குடும்பம். ஹைதராபாத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்கள். சானியா ஹைதராபாத்தில் வளர்ந்தவர் இல்லையா, அந்த அம்மா "எங்க ஊருப் பொண்ணு" என்று ஆங்கிலத்தில் சொன்னபோது குரலே மாறிவிட்டது.

எங்கள் இருக்கை பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால், மேல் வரிசையில். வேண்டுமென்றேதான் அங்கே வாங்கினேன். பக்கவாட்டில் உட்கார்ந்தால் தலை இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும், நாலு பேரையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. பின்னால், உயரத்தில் உட்கார்ந்தால் கோர்ட் ஒரு சதுரங்கப் பலகை மாதிரி விரிகிறது. ஊதா நிறத் தரை, வெள்ளைக் கோடுகள், சுற்றிலும் இருட்டு, கோர்ட் மேல் மட்டும் வெளிச்சம். காற்று இல்லை, வெயில் இல்லை. உயரத் தூக்கிப் போடும் லாப் பந்து போட்ட இடத்தில் அப்படியே இறங்குகிறது.

இன்று ஒற்றையர் அரையிறுதிகளும் இதே அரங்கில்தான். செரீனா, வோஸ்னியாக்கி ஆட்டம் 2–6, 6–3, 7–6 என்று கடைசி வரை இழுத்தது. அருமையான ஆட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒற்றையருக்கு நிரம்பி வழிந்த இருக்கைகள் இரட்டையருக்கு அங்கங்கே காலியாக இருந்ததுதான் எனக்கு வருத்தம். அதே டிக்கெட்டில் அடங்கிய ஆட்டம்! காசு கொடுத்து வாங்கியதை ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள்? பக்கத்தில் ஒரு இளைஞர் கிளம்பத் தயாரானார். அக்கா மகள் அவரிடம், "அண்ணா, இருந்து பாருங்க லா, இதுதான் சூப்பரா இருக்கும்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். கடைசிவரை போகவில்லை.

கேரா, சானியாவுக்கு எதிரில் செக் குடியரசின் க்வேதா பெஷ்கே, ஸ்லோவேனியாவின் கத்தரினா ஸ்ரெபோத்னிக். இருவரும் 2011-ல் விம்பிள்டன் வென்ற ஜோடி. பெஷ்கேவுக்கு வயது 39. கேராவுக்கு 35, ஒரு குழந்தைக்குத் தாய். இன்றைய மகளிர் ஒற்றையரில் இந்த வயதில் உச்சியில் இருப்பவர்கள் அபூர்வம். இரட்டையரில் இது அனுபவத்தின் வயது. கேரா 2007-லும் 2008-லும் லீசல் ஹூபரோடு இதே போட்டியை வென்றவர். அண்ணன்கள் பைரன், வெய்ன் இருவரும் இரட்டையரில் பேர் வாங்கியவர்கள். ஒரு வீடே வலைக்கு முன்னால் வளர்ந்திருக்கிறது.

சானியாவின் பாதை வேறு. 2007-ல் ஒற்றையரில் உலகின் 27-ஆவது இடம் வரை போனார். மணிக்கட்டுக் காயங்கள், அறுவைச் சிகிச்சைகள். அதற்கப்புறம் ஒற்றையரை விட்டு இரட்டையருக்கு முழுதாக வந்தார். அதைப் பின்வாங்கல் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. தன் ஃபோர்ஹேண்டின் பலத்தை எங்கே வைத்தால் அது முழுதாகப் பேசும் என்று தெரிந்து எடுத்த முடிவு அது. இந்த ஆண்டை மட்டும் பாருங்கள்: புரூனோ சோரெஸோடு அமெரிக்க ஓப்பன் கலப்பு இரட்டையர், கேராவோடு எஸ்டோரிலும் டோக்கியோவும், இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் சாகேத் மைனேனியோடு தங்கம்.

இருவரும் காலிறுதியில் அமெரிக்காவின் கோப்ஸ்-ஜோன்ஸ், ஸ்பியர்ஸ் ஜோடியை 6–3, 2–6, 12–10 என்று தாண்டி வந்தார்கள். அந்த 12–10 எப்படி வந்தது என்று தெரிய, இரட்டையரின் விதி கொஞ்சம் தெரிய வேண்டும். மூன்றாவது செட் கிடையாது. செட் ஒன்றுக்கு ஒன்று ஆனால் சூப்பர் டை-பிரேக்: முதலில் பத்து புள்ளி எடுக்கும் ஜோடி ஜெயிக்கும், ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். கேமுக்குள்ளும் டியூஸ், அதாவது சமநிலைக்கு அப்புறம் இரண்டு புள்ளி தொடர்ந்து எடுக்கும்வரை நீளும் இழுபறி, கிடையாது. 40–40 என்று சமமானால் ஒரே பாயிண்ட், அதை எடுத்தவருக்கு கேம். அந்தப் பந்தை யார் எந்தப் பக்கம் வாங்குவது என்று சர்வை எதிர்கொள்ளும் ஜோடி தேர்ந்தெடுக்கலாம். நேரத்தைக் குறைப்பதற்காகக் கொண்டுவந்த விதி. பழைய விதியை விரும்புகிறவர்கள் இதை அதிர்ஷ்ட விளையாட்டு என்பார்கள். நான் இதன் பக்கம்தான். ஒவ்வொரு 40–40-க்கும் இருவர் கூடிப் பேசி ஒரு முடிவெடுப்பதைப் பார்ப்பது எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

ஆட்டத்துக்கு வருகிறேன். முதல் செட் 4–6, போய்விட்டது. சீன ஆன்ட்டி சொன்னபடி பந்தை விட்டுவிட்டு நான் வலையோரம் நிற்பவர்களையே பார்த்தேன். முதலில் சிரமமாக இருந்தது. சத்தம் வரும் பக்கம் கண் தானாகப் போகும். கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. அப்புறம்தான் எத்தனை விஷயம்! சர்வ் போடும் முன் இருவரும் நெருங்கி வந்து, வாய்க்கு முன்னால் பந்தைப் பிடித்து மறைத்துப் பேசுகிறார்கள். வலையருகே இருப்பவர் முதுகுக்குப் பின்னால் விரலால் சைகை காட்டுகிறார். இந்தப் பந்துக்குக் குறுக்கே பாய்வேன், இதற்கு நிற்பேன் என்று. சில சமயம் பாய்வது போல் ஒரு அரை அடி எடுத்து வைத்துவிட்டுத் திரும்புகிறார். ரிட்டர்ன் அடிப்பவர், அதாவது சர்வைத் திருப்பி அடிப்பவர், அந்த அரை அடியைப் பார்த்து ஓரப் பட்டையில் அடிக்க, அங்கே ஏற்கெனவே மட்டை காத்திருக்கிறது. கேரா அதிகம் உயரமில்லாதவர். ஆனால் வலையோரம் அவர் கை போகும் வேகத்தைக் கண்ணால் தொடர முடியவில்லை. சானியா பின்னாலிருந்து ஃபோர்ஹேண்டால் அழுத்த அழுத்த, எதிர்ப்பந்து சற்றே உயர்ந்து வர, முன்னால் கேரா முடிப்பது, இதுதான் அவர்களின் அடிப்படை வேலைப் பிரிவினை. தெரிந்தும் எதிர்ப்பக்கம் தடுக்க முடிவதில்லை.

"சித்தி, கேராவோட இடது காலைப் பாருங்க, ரிட்டர்ன் வர்றதுக்கு முன்னாடியே திரும்பிடுது" என்று அக்கா மகள் என் கையைப் பிடித்தாள். நான் கவனிக்காததை அவள் பிடித்துவிட்டாள்.

இரண்டாவது செட் 5–5. அடுத்த இரண்டு கேமும் கேரா, சானியாவுக்கு. 7–5. மறுபடியும் சூப்பர் டை-பிரேக். டை-பிரேக்குக்கு முன்னால் ஒரு ஜோடி தங்களுக்குள் யார் முதலில் சர்வ் போடுவது, யார் எந்தப் பக்கம் வாங்குவது என்பதை மாற்றிக்கொள்ளலாம், புது செட் தொடங்குவது போல. அதனால் அந்தச் சில நொடிகள் நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது நடப்பது வெறும் தைரியம் சொல்லும் பேச்சு இல்லை, உண்மையான தீர்மானம்.

புள்ளிகள் மாறி மாறிப் போயின. 9–9. இங்கிருந்து இரண்டு புள்ளி தொடர்ந்து எடுக்கிறவர்கள் இறுதிக்குப் போவார்கள். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து நின்றுவிட்டார், யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. 10–9. கொடிகள் ஆடின. 11–9! அக்கா மகள் கத்தியதில் என் காது அடைத்துக்கொண்டது. இரண்டு ஆட்டத்திலும் ஒரு பாயிண்ட் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் கதை மாறியிருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் ஒருவருக்கொருவர் முறைத்துக்கொள்ளாமல் இருப்பதே பெரிய திறமை. பிழை செய்தவரின் கையை மற்றவர் தட்டிவிட்டு அடுத்த பந்துக்குப் போனார், ஒவ்வொரு முறையும்.

வெளியே வந்து காலாங் வேவ் கடைத்தொகுதியில் ஆளுக்கொரு மைலோ. அக்கா மகள் ஒரு காகிதத்தில் கோர்ட் வரைந்து அம்புக்குறி போட ஆரம்பித்தாள். வீடு போய்ச் சேர நேரமாகிவிட்டது.

அக்டோபர் 26, ஞாயிறு

அக்கா, அத்தான் இருவரும் இன்று வந்தார்கள். அத்தானுக்குக் கால்பந்துதான் எல்லாம். ஆனாலும், "இந்தியப் பொண்ணு பைனல்ல இருக்கு, வராம இருப்பேனா?" என்றார்.

எதிரில் நடப்புச் சாம்பியன்கள் ஷே சு-வெய், பெங் ஷுவாய். இருவருமே ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் இரண்டு பக்கமும் இரு கையாலும் மட்டையைப் பிடித்து ஆடுபவர்கள். இப்படி ஒரு ஜோடி அமைவது ரொம்ப அரிது. அவர்கள் பந்தை எந்தப் பக்கம் திருப்பப் போகிறார்கள் என்பது கடைசி நொடி வரை தெரியாது. ஷே சு-வெய் எந்தக் கோணத்தில் எதைத் தட்டிவிடுவார் என்று அவரோடு பயிற்சி செய்பவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அவர் ஆட்டம் எனக்கு எப்போதும் பிடிக்கும். நேற்றைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இன்றும் சூப்பர் டை-பிரேக் வரை போகும் என்று நான் மட்டுமில்லை, சுற்றியிருந்த எல்லோரும்தான் எதிர்பார்த்தார்கள்.

6–1, 6–0. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

இரண்டு செட்டிலும் சேர்த்து விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு கேம். ஒரு இறுதிப் போட்டியில், அதுவும் நடப்புச் சாம்பியன்களுக்கு எதிராக! எப்படி என்று மேலிருந்து பார்த்தவளாகச் சொல்கிறேன். இரு கைப் பிடிக்கு ஒரு விலை உண்டு, எட்டும் தூரம் குறையும். அகலமாக வரும் பந்துக்கு ஒரு அடி கூடுதலாக ஓட வேண்டும். கேரா, சானியா அந்த அகலத்தை விடாமல் பயன்படுத்தினார்கள். ஒருவரை ஓரத்துக்கு இழுத்ததும் நடுவில் வழி பிறந்தது, அதில் கேரா புகுந்தார். ஆன்ட்டி சொன்ன கதவை எதிர்ப்பக்கம் திறந்து வைத்து ஆடினார்கள், தங்கள் பக்கக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். சானியாவும் கேராவும் ஒரு கயிற்றில் கட்டியது போல் சேர்ந்து இடமும் வலமும் நகர்ந்ததை இன்று அத்தானே கவனித்துச் சொன்னார். "தடுப்பாட்டக்காரங்க வரிசை நகர்ற மாதிரி இருக்கு" என்றார். கால்பந்துக்காரருக்கு இரட்டையர் புரிந்துவிட்டது. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

இப்படி ஒருதலையாக முடிந்ததில் ஏமாற்றம் இல்லையா என்று அக்கா கேட்டாள். கொஞ்சமும் இல்லை. நெருக்கமான ஆட்டம் மனசைப் பிடித்து இழுக்கும், சரிதான். ஆனால் இரண்டு பேர் தாங்கள் தெரிந்துகொண்டதையெல்லாம் ஒரே சமயத்தில் கொட்டி ஆடுவதைப் பார்ப்பது அதைவிட அரிய விஷயம். நேற்று அவர்கள் பிழைத்தார்கள், இன்று ஆண்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்க்கக் கொடுத்துவைத்தேன்.

இந்த ஜோடி சேர்ந்து ஆடும் கடைசிப் போட்டி இது. முன்பே சொல்லிவிட்டார்கள். இரட்டையரில் இது சகஜம்தான். ஒருவருக்குக் குடும்பம், ஒருவருக்குப் புதுப் பாதை, தரவரிசைக் கணக்கு என்று ஜோடிகள் சேர்வதும் பிரிவதும் நடந்துகொண்டே இருக்கும். பரிசளிப்பில் கோப்பையை இருவரும் இரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். பிரியப் போகிறோம் என்று தெரிந்த இருவர் இவ்வளவு பெரிய ஆட்டம் ஆடியதை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. ஹைதராபாத் குடும்பத்து அம்மாவை வாசலில் மறுபடி பார்த்தேன். பேச்சே வரவில்லை அவருக்கு, என் இரு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

ஒற்றையரில் செரீனா 6–3, 6–0 என்று சிமோனா ஹாலெப்பை வென்று தொடர்ந்து மூன்றாவது முறையாகப் பட்டம் எடுத்தார். குழுச் சுற்றில் இதே ஹாலெப்பிடம் 6–0, 6–2 என்று தோற்றவர். அதற்கும் மனமாரக் கைதட்டினேன்.

அக்டோபர் 27, திங்கள்

இன்று இரவு விமானம். காலையில் முஸ்தபாவில் சாமான் வாங்கியதோடு சரி, வேறெங்கும் போகவில்லை.

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அடுத்த ஆண்டு போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். போங்கள். 2018 வரை இந்தப் போட்டி சிங்கப்பூரில்தான் நடக்கப் போகிறது, திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறது. பக்கவாட்டில் கீழே இருக்கும் விலை கூடிய இருக்கை வேண்டாம். பேஸ்லைனுக்குப் பின்னால் மேல் வரிசை போதும், விலையும் குறைவு. ஸ்டேடியம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான், டாக்சி எடுக்க வேண்டியதில்லை. மதியத்துக்கு மேல் மழை வரும், குடை கட்டாயம். உள்ளே குளிரூட்டி பலமாக ஓடுகிறது, ஒரு சால்வை எடுத்துப் போங்கள். ஒரு நாளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுச் சனிக்கிழமைக்கு வாங்குங்கள். அன்று இரட்டையர் அரையிறுதி இரண்டும் ஒரே நாளில் கிடைக்கும். ஒற்றையர் முடிந்தது என்று பக்கத்தில் இருப்பவர் எழுந்தால், அக்கா மகள் செய்த மாதிரி உட்கார வையுங்கள்.